தோளில் எடுத்ததும் விட்டதும்

எத்தனை எடுத்தார்கள் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் வரை அதே கேள்வி. என் தோள்மூட்டுக்குள்ளிருந்து எடுத்த குருத்தெலும்புத் துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்பும் முன் வீட்டாரிடம் காட்டியிருக்கிறார்கள். தங்கை அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். வெள்ளையும் லேசான நீலமும் கலந்த நிறம், வழவழப்பான மேற்பரப்பு, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும், நோய் மொத்தமாக வெளியே வந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ஆனால் மூட்டின் உட்சவ்வே குருத்தெலும்புத் துண்டுகளை உருவாக்கி உதிர்க்கும் இந்த நோயில் எண்ணிக்கைக்குப் பெரிய அர்த்தம் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் வேறு. தோளுக்குள் எந்தெந்த மூலைகளைப் பார்க்கப் போகிறீர்கள்? சவ்வை எதுவரை எடுப்பீர்கள்? எதை விட்டுவைப்பீர்கள், ஏன்? எனக்கு இந்தக் கேள்விகளை யாரும் சொல்லித் தரவில்லை. நல்லவேளையாக, எனக்கு வாய்த்த டாக்டர் நான் கேட்காமலே இவற்றுக்குப் பதில் சொல்லும் ரகம். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்த நோயோடு வாழ்ந்த ஒரு ஆள்.

நோயின் பெயர் சினோவியல் காண்ட்ரோமட்டோசிஸ். மூட்டு உறையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு படர்ந்திருக்கும். சினோவியம் என்பார்கள். அதன் மேலடுக்கு இரண்டு மூன்று செல்கள் தடிமன்தான் இருக்கும். மூட்டுக்கு வழவழப்பைத் தரும் திரவத்தைச் சுரப்பது அதுதான். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. இந்தத் திரவத்திலிருந்துதான் அது தன் உணவை எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட சவ்வு, தன் வேலையை விட்டுவிட்டுக் குருத்தெலும்பை உருவாக்கத் தொடங்குவதுதான் இந்த நோய். சவ்வுக்குள் சிறு சிறு முடிச்சுகள் உண்டாகும். அவை பெருத்து, காம்பு போல நீண்டு, ஒரு கட்டத்தில் அறுந்து மூட்டுக்குள் விழும். விழுந்த பிறகும் அவை சாவதில்லை. சுற்றியிருக்கும் திரவமே உணவாக இருப்பதால் மிதந்தபடியே வளர்கின்றன. சிலவற்றில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும், சில எலும்பாகவே மாறும்.

இது புற்றுநோய் இல்லை. உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவாது. ஆனாலும் இதை வெறும் அழற்சி என்றும் ஒதுக்க முடியாது. ஏன் வருகிறது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. எஃப்.என்.1, ஏ.சி.வி.ஆர்.2.ஏ என்ற இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று தவறாக ஒட்டிக்கொள்வதைக் கணிசமான நோயாளிகளின் திசுக்களில் கண்டுபிடித்தது சமீப ஆண்டுகளில்தான். அதாவது சவ்வில் இருக்கும் ஒரு செல் கூட்டம் தன் போக்கில் வளரத் தொடங்கியிருக்கிறது. நான் அதிகம் பளு தூக்கியதாலோ, கோணலாகப் படுத்ததாலோ வந்ததல்ல. இதைத் தெரிந்துகொண்டபோது மனசு கொஞ்சம் லேசானது. நீண்ட வலிக்காரர்கள் எல்லாரும் தங்களிடம்தான் காரணத்தைத் தேடுவார்கள். இந்த நோயில் அப்படித் தேட வேண்டியதில்லை.

பெரும்பாலும் 30 வயதிலிருந்து 50 வயதுக்குள், ஒரே ஒரு மூட்டில் வரும். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். முழங்கால்தான் அதன் வழக்கமான இடம். அதற்கடுத்து இடுப்பும் முழங்கையும். தோளில் அபூர்வம். அந்த அபூர்வம்தான் பெரிய தொல்லை. தோள் வலி என்று போனால் முதலில் நினைவுக்கு வருவது உறைந்த தோள், அல்லது தோளைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண்களின் கிழிசல். எனக்கும் உறைந்த தோள் என்றுதான் சொன்னார்கள். ஊசி போட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள், கொஞ்ச நாள் குறைந்தது, மறுபடி வந்தது. உறைந்த தோளில் கை எல்லாப் பக்கமும் இறுகிப்போயிருக்கும். எனக்கோ சில நாள் கை நன்றாகத் தூக்க வரும், சில நாள் பாதியில் சிக்கி நிற்கும். லேசாகக் கையைச் சுழற்றினால் உள்ளே ஏதோ நகர்ந்து விடுபடும். அந்தச் 'சிக்கல்' ஒரு முக்கியமான தடயம். தோள் வலி இருக்கிறவர்கள் டாக்டரிடம் போகும்போது வலி எவ்வளவு என்பதோடு, கை பாதியில் சிக்குகிறதா, உள்ளே ஏதாவது உருள்வதுபோல் இருக்கிறதா என்பதையும் தவறாமல் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் தெரியாதா என்று கேட்கலாம். சுண்ணாம்பு படிந்த துண்டுகள் தெரியும். மூட்டைச் சுற்றி, ஒரே அளவில், வட்ட வட்டமாக நிழல்கள் விழுந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடலாம். ஆனால் கணிசமான பேருக்குத் துண்டுகள் வெறும் குருத்தெலும்பாகவே இருக்கும், எக்ஸ்ரே சுத்தமாக வரும். எனக்கு நடந்தது அதுதான். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் சவ்வு தடித்திருப்பதும் மூட்டுத் திரவம் அதிகமாக இருப்பதும் அதற்குள் உருண்டைகள் மிதப்பதும் தெரிந்தன.

எம்.ஆர்.ஐ. இன்னொரு வேலையும் செய்கிறது. மூட்டுச் சவ்வில் வரும் இன்னொரு நோயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த நோயைப் பழைய பெயரில் பி.வி.என்.எஸ். என்பார்கள். 1941-இல் ஜாஃபே, லிக்டன்ஸ்டைன், சூட்ரோ என்ற மூன்று மருத்துவர்கள் சேர்ந்து வைத்த பெயரின் சுருக்கம் அது. இப்போது டெனோசினோவியல் ஜெயன்ட் செல் கட்டி என்கிறார்கள். அதில் சவ்வு பழுப்பு நிறத்தில் தடித்துப் பாசிபோல் நீளும், அடிக்கடி ரத்தம் கசியும். கசிந்த ரத்தத்தின் இரும்புச் சத்து சவ்விலேயே தங்கிவிடுவதால் ஸ்கேனில் கரும்புள்ளிகளாகத் தெரியும். இரண்டுமே சவ்வு நோய்கள், இரண்டுமே பரவாதவை, இரண்டுக்கும் சவ்வை அகற்றுவதுதான் அறுவை சிகிச்சை. ஆனால் பி.வி.என்.எஸ். அந்த மூட்டு முழுக்கப் படர்ந்த வகையாக இருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல். அதற்கு இப்போது மாத்திரைகளும் வந்திருக்கின்றன: 2019-இல் பெக்சிடார்டினிப், 2025-இல் விம்செல்டினிப் என இரண்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. முதல் மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் கடும் கண்காணிப்போடுதான் கொடுத்தார்கள். எனக்கு வந்த காண்ட்ரோமட்டோசிஸுக்கு அப்படி மாத்திரை எதுவும் இல்லை. கத்தி ஒன்றுதான் வழி. அதையும் எப்போது எடுப்பது என்பதில் அவசரம் இல்லை.

எதை எடுப்பது என்பதை முடிவு செய்ய ஒரு பழைய கணக்கு உதவுகிறது. 1977-இல் மில்கிராம் என்ற மருத்துவர் இந்த நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் சவ்வில் மட்டும் நோய் இருக்கும், உதிர்ந்த துண்டு ஒன்றும் இருக்காது. இரண்டாவதில் சவ்வும் நோயோடு இருக்கும், துண்டுகளும் உதிர்ந்திருக்கும். மூன்றாவதில் சவ்வு அடங்கிப்போயிருக்கும், துண்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கும். மூன்றாம் கட்டத்தில் இருக்கிறவருக்குத் துண்டுகளை எடுத்தாலே போதும் என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். முதல் இரண்டு கட்டங்களில் அது போதாது. சுவர் உதிர்ந்துகொண்டிருக்கும்போது தரையை மட்டும் பெருக்கிவிட்டு வந்தால் என்ன ஆகும், அதுதான் ஆகும்.

சரி, சவ்வை எடுத்தால் நிச்சயம் திரும்ப வராதா? இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. 1994-இல் முழங்கால் நோயாளிகளை வைத்து ஒரு சின்ன ஒப்பீடு வந்தது. துண்டுகளை மட்டும் எடுத்தவர்களைவிட, சவ்வையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. பலரும் இன்றுவரை அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அதில் இருந்த ஆட்கள் மிகக் கொஞ்சம், மூட்டும் வேறு. தோளைப் பொறுத்தவரை வந்திருக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒருவர் இருவரின் கதைகள்தான். அதனால் 'இத்தனை சதவீதம் குணம்' என்று உறுதியாக எண் சொல்கிறவரைவிட, 'தோளில் இதற்கு உறுதியான எண் கிடையாது' என்று சொல்கிறவரை நான் நம்புவேன். என் டாக்டர் அப்படித்தான் சொன்னார். "வலி போகும், கை சிக்குறது போகும். திரும்ப வராதுன்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியாதுங்க" என்றார்.

அடுத்து அவர் ஒரு தாளில் தோளை வரைந்து காட்டினார். எனக்கு அந்த நோயைப் புரியவைத்தது அந்தப் படம்தான்.

தோள் என்று நாம் நினைப்பது ஒரு பந்தும் ஒரு கிண்ணமும். கிண்ணம் மிக ஆழமற்றது. பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஒரே நேரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்காது. கை இத்தனை திசைகளில் திரும்ப வேண்டுமானால் மூட்டு உறையும் தளர்வாக இருக்க வேண்டும். தளர்வான உறை என்றால் மடிப்புகள் இருக்கும், மடிப்புகள் என்றால் மூலைகள். கையைத் தொங்கவிட்டால் உறையின் அடிப்பகுதி அக்குள் பக்கம் ஒரு பையைப்போல் தொய்ந்து நிற்கும். முன்பக்கம் தோள்பட்டை எலும்புக்கும் சப்ஸ்காபுலாரிஸ் தசைக்கும் நடுவே இன்னொரு பொந்து உண்டு. மூட்டிலிருந்து ஒரு சிறு திறப்பு வழியாகத்தான் அதற்குள் போக முடியும். மூன்றாவது, பைசெப்ஸ் தசையின் நீளமான நாண். அது மூட்டுக்குள்ளே தொடங்கி, மேல்கை எலும்பில் உள்ள ஒரு பள்ளம் வழியாக வெளியே இறங்குகிறது. இறங்கும்போது மூட்டின் சவ்வையும் ஒரு உறையாகத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

உதிர்ந்த துண்டுகள் போய் ஒதுங்குவது இந்த மூன்று இடங்களில்தான். மூட்டின் நடுவே இருப்பதை எடுப்பது எளிது. கேமரா உள்ளே போனதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு தோளில் எல்லாத் துண்டையும் எடுத்துவிட்டோம் என்று நம்பி வெளியே வந்து, பிறகு பைசெப்ஸ் பள்ளத்தில் மிச்சம் இருந்ததால் மறுபடியும் போக வேண்டியிருந்த கதைகள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கின்றன. நோய் 'திரும்பி வந்தது' என்று எழுதப்பட்டிருப்பதில் எவ்வளவு உண்மையில் திரும்பியது, எவ்வளவு முதலிலேயே விட்டுப்போனது என்பது எனக்குப் பெரிய கேள்வி. அதனால்தான் எண்ணிக்கையைக் கேட்பதைவிட மூலைகளைக் கேட்பது நல்லது என்கிறேன்.

தோளின் மேல்பக்கம், எலும்புக் கூரைக்குக் கீழே இன்னொரு பை இருக்கிறது. அதற்கும் இதே வகைச் சவ்வு உண்டு. நல்ல தோளில் அதற்கும் மூட்டுக்கும் தொடர்பு இருக்காது. நடுவே இருக்கும் தசைநாண் கிழிந்திருந்தால் வழி திறந்துவிடும். அப்படியானால் அங்கேயும் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும். எனக்குக் கிழிசல் இல்லை. ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் முடித்தார்கள்.

இந்த வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, தோளின் முன்பக்கம் நீளமாகக் கீறி, சப்ஸ்காபுலாரிஸ் தசைநாணைப் பிரித்து, மூட்டைத் திறந்து பார்ப்பது. துண்டுகள் மிகப் பெரிதாக இருந்தாலோ, மூட்டுக்கு வெளியே நிறையப் பரவியிருந்தாலோ இன்றும் அதுதான் வழி. ஆனால் பிரித்த நாணை மறுபடி தைக்க வேண்டும். தைத்தது ஆறும்வரை கையை வெளிப்பக்கம் திருப்பக்கூடாது. மற்றொன்று ஆர்த்ராஸ்கோபி. சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் அனுப்பிச் செய்வது. பெரும்பாலானவர்களுக்கு இப்போது இதுதான். இரண்டையும் கலப்பதும் உண்டு. மூட்டுக்குள் கேமரா வழியாகச் செய்துவிட்டு, பைசெப்ஸ் பள்ளத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கீறல் போடுவார்கள். எனக்கு நடந்தது இந்தக் கலப்புதான்.

ஆர்த்ராஸ்கோபியின் வரலாற்றில் ஒரு விஷயம் என்னை மிகவும் நெகிழ வைத்தது. ஜப்பானில் மசாகி வதனபே என்ற மருத்துவர் 1955-இல் ஒரு முழங்காலுக்குள் பார்வைக் குழாயை விட்டு ஒரு கட்டியை அகற்றினார். குழாய் வழியாகப் பார்ப்பதோடு நிற்காமல் சிகிச்சையே செய்த முதல் சம்பவமாக அதைத்தான் சொல்கிறார்கள். அது என்ன கட்டி தெரியுமா? மூட்டுச் சவ்வில் வளர்ந்த ஜெயன்ட் செல் கட்டி. மேலே சொன்ன பி.வி.என்.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று விளையாட்டு வீரர்களின் காயங்களுக்கு உலகமெங்கும் செய்யப்படும் சிகிச்சை, எங்களைப் போன்ற சவ்வுநோய்க்காரர் ஒருவரிடம்தான் தொடங்கியிருக்கிறது.

அறுவை நாளில் முதலில் கழுத்தின் பக்கவாட்டில் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டார்கள். அதற்கு மேல் முழு மயக்கமும் உண்டு. ஊசியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கை முழுவதும் பல மணி நேரம் உங்களுடையது இல்லை என்பதுபோல் கிடக்கும். அந்தப் பக்கத்து உதரவிதானமும் தற்காலிகமாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால் மூச்சை முழுசாக இழுக்க முடியாத மாதிரி இருக்கலாம். சிலருக்குக் குரல் கம்மும், கண் இமை லேசாகத் தொங்கும். எல்லாம் மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். ஏற்கெனவே நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மயக்க மருந்து டாக்டரிடம் இதைக் கட்டாயம் பேசிவிட வேண்டும். இன்னொன்று, மரத்த தன்மை போகும்வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே வலி மாத்திரையைத் தொடங்கச் சொல்வார்கள். அதைக் கேளுங்கள். நடுராத்திரியில் மரப்பு முழுசாக விலகும்போது வலி மொத்தமாக வந்து நிற்கும்.

உள்ளே நடந்தது எனக்கு அறுவைக் குறிப்பிலிருந்தும் டாக்டர் காட்டிய வீடியோவிலிருந்தும் தெரிந்ததுதான். மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி விரித்துக்கொள்கிறார்கள். அந்த அழுத்தத்தில் ரத்தக் கசிவும் அடங்கும், பார்வையும் தெளியும். பின்பக்கத் துளையில் கேமரா, முன்பக்கத் துளையில் கருவி. சின்னத் துண்டுகளை நீரோடு உறிஞ்சிவிடலாம். பெரியவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும். பிடி நழுவினால் துண்டு எங்காவது மூலைக்குள் ஓடிவிடும். வீடியோவில் அப்படி ஒன்று நழுவி அக்குள் பைக்குள் போய் ஒளிந்ததையும், உதவியாளர் வெளியிலிருந்து கையைத் திருப்பித் திருப்பி அதை மேலே கொண்டுவந்ததையும் பார்த்தேன். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது! தோளின் முன்பொந்தைப் பார்க்க, வளைந்த கோணத்தில் பார்க்கும் வேறொரு கேமராவை மாற்றினார்கள். அதுவரை தெரியாத துண்டுகள் அங்கே தெரிந்தன.

துண்டுகள் முடிந்த பிறகுதான் சவ்வு. சுழலும் சிறு கத்தி உள்ள ஷேவர் என்ற கருவியால் தடித்த சவ்வைச் சீவி எடுக்கிறார்கள். ரத்தம் கசியும் இடங்களை ரேடியோ அலைவரிசைக் கருவியால் அடைக்கிறார்கள். அந்தக் கருவியின் வெப்பம் பக்கத்தில் இருக்கும் நல்ல குருத்தெலும்பைச் சுட்டுவிடக்கூடாது என்பதால் நீரோட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த இடத்தில் அடித்திசுவிலிருந்து புதுச் சவ்வு வளர்ந்துவிடும். சவ்வே இல்லாமல் மூட்டு காய்ந்துபோகுமோ என்று நான் பயந்தேன். அப்படி ஆகாது.

எல்லா இடத்திலும் சீவவில்லை. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அக்குள் பையின் அடியில், உறைக்கு வெளியே, சில மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு நரம்பு போகிறது. ஆக்சிலரி நரம்பு. தோளை உருண்டையாகக் காட்டுகிற டெல்டாய்டு தசையை இயக்குவது அதுதான். அது போனால் கையைப் பக்கவாட்டில் தூக்கும் பலம் போய்விடும். ஷேவரின் உறிஞ்சும் விசை கொஞ்சம் கூடினால் மெல்லிய உறை உள்ளே இழுக்கப்பட்டு நரம்பும் அருகே வந்துவிடும். என் டாக்டர் அங்கே ஷேவரை வைக்காமல், தளர்ந்து தொங்கிய சவ்வை இடுக்கியால் மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியை விட்டுவிட்டார். வெளியே வந்ததும் அதை அப்படியே சொன்னார். "கீழ ஒரு பகுதியை விட்டிருக்கேன். அங்க சவ்வு லேசாத்தான் தடிச்சிருந்துச்சு. அதை முழுசா எடுக்கப்போய் நரம்பு போச்சுன்னா நீங்க என்னை மன்னிக்க மாட்டீங்க, நானும் என்னை மன்னிக்க மாட்டேன்."

முதலில் எனக்கு ஏமாற்றம்தான். நோயை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது போல் இருந்தது. யோசிக்க யோசிக்கத்தான் அவர்மேல் மரியாதை கூடியது. பரவாத, உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்காகக் கையின் இயக்கத்தையே பணயம் வைக்க முடியாது. புற்றுநோயில் ஓரம்வரை வெட்டுவது வேறு கணக்கு. இங்கே மிச்சம் திரும்ப வளர்ந்தால் மறுபடி உள்ளே போய் எடுக்கலாம். நரம்பை மறுபடி வைக்க முடியாது. எங்கே நிறுத்தினோம் என்று தெரிந்து நிறுத்துகிற டாக்டரை நான் கொண்டாடுவேன். அதை எழுதியும் தருகிறவரை இன்னும் கூடுதலாக.

பைசெப்ஸ் பள்ளத்தில் நாணைச் சுற்றிய உறைக்குள் துண்டுகள் இறுக்கமாக அடைந்திருந்தன. தோளின் முன்பக்கம் அழுத்தினால் உயிர் போகிற வலிக்கு அதுதான் காரணம். நாண் உராய்ந்து நைந்துபோயிருந்தால் அதை இடம் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நைந்திருக்கவில்லை. உறையைத் திறந்து சுத்தம் செய்ததோடு விட்டது.

எடுத்ததெல்லாம் நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போனது. இதில் நோயாளிகள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இந்த நோயின் குருத்தெலும்புச் செல்கள், புற்றுநோய் இல்லாதபோதும், நுண்ணோக்கியில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் தெரியும். ஒரே செல்லில் இரண்டு கருக்கள் இருக்கலாம், செல்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கலாம். எங்கிருந்து எடுத்தது, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று தெரியாமல் பார்த்தால் காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றுநோய் என்று நினைக்க இடமுண்டு. அதனால் மாதிரியோடு ஸ்கேன் அறிக்கையும் போவது முக்கியம். மறுபக்கம், மிகச் சிலருக்கு இந்த நோய் உண்மையிலேயே காண்ட்ரோசார்கோமாவாக மாறியதும் உண்டு. அரிதுதான். திரும்பத் திரும்ப வரும் நோயிலும், திடீரென்று வேகமாகப் பெருக்கும் நோயிலும், பக்கத்து எலும்புக்குள் ஊடுருவும் நோயிலும் அந்தச் சந்தேகம் எழ வேண்டும். என் அறிக்கை வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. சாதாரண நோய்தான் என்று வந்தது.

உப்புநீர் தசைகளுக்குள் கசிந்ததால் தோள் முதலில் ஊதிப்போய் இருந்தது. அது தானாக வடிந்துவிட்டது. அதன் பிறகுதான் நிஜமான வேலை தொடங்கியது. சவ்வைச் சீவிய தோளுக்கு முதல் எதிரி இறுக்கம். சீவிய பரப்புகள் ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிட்டால், நோய் போயும் கை தூக்க வராது. அதனால் தசைநாண் எதையும் தைக்காதவர்களைச் சீக்கிரமே அசைக்கச் சொல்லிவிடுவார்கள். குனிந்து கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஊசலாட்டுவது, நல்ல கையால் ஒரு கம்பைப் பிடித்து மற்ற கையைத் தள்ளுவது, பிறகு சொந்த பலத்தில் தூக்குவது, கடைசியில் பலப் பயிற்சி என்று படிப்படியாகப் போகும். கையைத் தாங்கும் ஸ்லிங் பட்டை வசதிக்காகத்தான். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு கையை மடக்கி வைத்தால் இறுகிவிடும். திறந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. தைத்த நாண் பிடிக்கும்வரை சுமார் ஆறு வாரம் கட்டுப்பாடு இருக்கும். யாரோ ஒருவர் செய்த பயிற்சியைப் பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள். உங்களுக்குள் எதை வெட்டினார்கள், எதைத் தைத்தார்கள் என்பதை வைத்துத்தான் அது அமையும்.

என் பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். மிகக் கண்டிப்பானவர். "வலிக்குதா, நல்லா வலிக்குதா, தாங்க முடியலையா? மூணுல எதுன்னு சொல்லுங்க சார்" என்பார். முதல் இரண்டுக்கும் தொடரச் சொல்வார், மூன்றாவதற்கு நிறுத்துவார். அவருடைய அறையில்தான் என் கை மறுபடி தலைக்கு மேலே போனது. அறுவையில் பாதி, பயிற்சியில் பாதி என்று சொன்னால் பயிற்சிக்குக் குறைவாகக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

இப்போது கை சிக்குவதில்லை. பின்பக்கமாகக் கையை மடக்கி முதுகைத் தொடுவதில் மட்டும் மற்றக் கைக்குச் சமமாக வரவில்லை. அதோடு நான் சமாதானமாகிவிட்டேன். துண்டுகள் இத்தனை காலம் உராய்ந்ததில் பந்தின் குருத்தெலும்பில் சில இடங்கள் தேய்ந்திருக்கின்றன என்று குறிப்பில் இருக்கிறது. தேய்மானம் கூடினால் பின்னாளில் மூட்டு மாற்று சிகிச்சை வரை போக நேரலாம். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இருக்கிற லாபமே இந்தத் தேய்மானத்தைத் தவிர்ப்பதுதான்.

நோய் திரும்புகிறதா என்று பார்க்க இடைவெளி விட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் ரேடியாலஜி டாக்டரிடம் என் அறுவைக் குறிப்பின் நகலைக் கொடுத்துவிடுகிறேன். அக்குள் பையின் அடியில் சவ்வு விட்டுவைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால், அங்கே தெரியும் தடிப்பைப் புதிதாக வளர்ந்தது என்று நினைத்து மறுபடி அறுவைக்கு அனுப்பிவிடலாம். அல்லது உண்மையில் வளரும்போது, முன்பு எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட வழி இல்லாமல் போகலாம். அறுவைக்குப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தக் குறிப்பின் முழு நகலையும், உள்ளே எடுத்த படங்களையும், நுண்ணோக்கிப் பரிசோதனையின் பெத்தாலஜி அறிக்கையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் 'துண்டுகள் அகற்றப்பட்டன, சவ்வு அகற்றப்பட்டது' என்ற அளவில்தான் இருக்கும். எந்த மூலை, எதுவரை என்பது அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். அதிலும் எழுதாமல் விட்டிருந்தால், டாக்டருக்கு நினைவு இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.